பன்னிரண்டாவது நொடி

புந்தா அரெனாஸில் நவம்பர் வந்தால்
தெருமுனைகளில் கயிறு கட்டுவார்கள்,
காற்று ஆட்களை எடுத்துப் போகாமல் இருக்க.
வெளியூர்க்காரர்கள் கயிற்றைப் படமெடுப்பார்கள்.
நாங்கள் பிடித்துக்கொண்டு நடப்போம்
பேச்சை நிறுத்தாமல்.

அந்தப் புதன்கிழமை, கடைசி வகுப்பு, கடைசி பெஞ்ச்.
மடியில் போனை வைத்துத் தள்ளிக்கொண்டிருந்தேன்.
ஒரு நாய், ஒரு கோல், யாரோ ஒருத்தியின் புதுப் புருவம்,
எங்கோ எரியும் மருத்துவமனை,
மறுபடி நாய்.
எல்லாவற்றுக்கும் ஒரே விரல்
ஒரே வேகம்.

அப்புறம் ஒரு பெண்மணி.
வங்கி முனையில் கயிற்றை விட்டுவிட்டுத்
தொப்பியைப் பிடிக்கப் போனவள்
பக்கவாட்டில் ஓடி, ஓடி, விழுகிறாள்.
பை கிழிந்து ரொட்டிகள்
தனித்தனியே ஊரைவிட்டுப் போகின்றன.
பதினொரு நொடி.
விழும் இடத்தில் மெதுவாக்கி
எழுப்பி, திரும்ப விழவைத்து
ஊதுகுழல் சத்தம் ஒன்றும் சேர்த்திருந்தது.

சிரித்தேன்.
வாய்விட்டு அல்ல; மூக்கால் ஒரு காற்று வருமே, அது.
கண்ணில் நீர் தெறிக்கச் சிரிக்கும்
மஞ்சள் முகத்தை அழுத்தினேன்.
நாலாயிரத்துப் பதிமூன்றாவது ஆள்.

மூன்றாவது சுற்றில்தான்
கோட்டைப் பார்த்தேன்.
கறுப்புப் பொத்தான்களுக்கு நடுவில்
ஒன்று மட்டும் பச்சை.
போன குளிர்காலத்தில்
என் பழைய மழைச்சட்டையிலிருந்து வெட்டித் தைத்தது.
ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவன் நான்.

அம்மா என்று தெரிந்த பிறகும்
ஊதுகுழல் நிற்கவில்லை.
அம்மா எழுந்தாள், விழுந்தாள்.
எழுந்தாள்.

எடுத்தது ஓர்னெல்லா.
மூன்று பெஞ்ச் முன்னால் இருந்தாள்.
காலையில் அரை மணி பிந்தி வந்து
காரணம் சொல்லாமல் திட்டு வாங்கியவள்.
மணி அடிக்கும்வரை அவள் பின்னங்கழுத்தையே பார்த்தேன்.
என்னென்னவோ செய்ய நினைத்தேன்.
ஆனால் அங்கே என் மஞ்சள் முகமும் இருந்தது,
கீழே டான்கோ என்று பெயரோடு.

வீட்டில் அம்மா ஒற்றைக் கையால்
உருளைக்கிழங்கோடு மல்லாடிக்கொண்டிருந்தாள்.
இடது மணிக்கட்டில் கட்டு.
படியில் இடறிவிட்டது என்பாள் என்று காத்திருந்தேன்.
அப்படிச் சொல்லியிருந்தால் சுலபம்.

"காற்று தூக்கிவிட்டதுடா.
ஒரு பெண் ஓடிவந்தாள், உங்கள் பள்ளிச் சீருடை.
போனைப் பைக்குள் போட்டுவிட்டு
தெருவில் மண்டிபோட்டு ரொட்டி பொறுக்கினாள்.
ஒன்று காருக்கடியில் போயிற்று,
அதையும் விடவில்லை.
மருந்துக்கடை வரைக்கும்
என் நல்ல கையைப் பிடித்தபடியே வந்தாள்.
அவள் கை ஜில்லென்று இருந்தது, பாவம்."

பாவம் என்றாள்.

பன்னிரண்டாவது நொடியை
யாரும் அனுப்பவில்லை.
ஓர்னெல்லாவும்தான்.
அதற்கு எந்தச் சத்தம் சேர்ப்பது என்று
தெரியாமல் இருந்திருக்கலாம்.
அல்லது இடைவேளையில்
கழிப்பறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெட்டும்போது
அந்த மண்டிபோட்ட பெண்
அவளுக்கே வேறு யாரோவாகத் தோன்றியிருக்கலாம்.
கேட்கவில்லை.
ரொட்டி பொறுக்கியவளைக் கேட்க
எனக்கு என்ன யோக்கியதை.

அறைக்குப் போய்
என் மஞ்சள் முகத்தைத் திரும்ப எடுத்தேன்.
ஆறாயிரத்து நானூற்று ஏழு
ஆறாயிரத்து நானூற்று ஆறு ஆயிற்று.
கண் சிமிட்டுவதற்குள்
மறுபடி ஏழு.

இரவு அந்த ரொட்டியைத்தான் சாப்பிட்டோம்.
அம்மா தட்டி ஊதித்தான் வைத்திருந்தாள்.
ஆனாலும் கடைவாயில் ஒரு மணல்
நறுக்கென்றது.
துப்பவில்லை.
அவளுக்கும் ஒன்று அகப்பட்டிருக்க வேண்டும்,
மென்றுகொண்டிருந்தவள் ஒரு கணம் நின்றாள்.

வெளியே கயிறு
விட்டுவிட்டு விசிலடித்தது.